கழுத்தில் இருந்த காணி

பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் போயிருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "மனிதர்கள் எப்போது, எதற்காக நகை அணியத் தொடங்கினார்கள்? அரை வயிற்றுச் சோற்றுக்கே அல்லாடிய எங்கள் அம்மாயிமார் காதிலும் மூக்கிலும் கழுத்திலும் ஏன் அத்தனை போட்டுக்கொண்டார்கள்? அது ஆசையா, அறியாமையா?"

பதுளையில் ஒரு நகைப் பட்டறையில் வேலை பழகியவன் நான். பின்னர் பல காலம் வரலாறு படிப்பித்தேன். இந்தக் கேள்வி என் இரண்டு தொழிலையும் தொடுவதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். அம்மாயிமாரை, அதாவது பாட்டிமாரைப் பற்றிய பதிலை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். ஆசை இருந்திருக்கும், அதில் தவறு எதுவும் இல்லை. அறியாமை மட்டும் நிச்சயமாக இல்லை. அவர்கள் கையில் எடுத்தது, அன்றைய நிலையில் அவர்களுக்குத் திறந்திருந்த மிகச் சரியான வழி.

மனிதன் நெல் விதைப்பதற்கும் பானை வனைவதற்கும் வெகு காலம் முன்பே மணி கோத்துவிட்டான். மொரோக்கோவின் பிஸ்மூன் குகையில் கிடைத்த துளையிட்ட சிப்பி மணிகளுக்கு வயது ஏறத்தாழ 142,000 ஆண்டுகள். தென்னாபிரிக்காவின் புளொம்பொஸ் குகையில் கிடைத்தவற்றுக்கு 75,000. நம் இலங்கையும் இதில் பின்தங்கியதல்ல. களுத்துறை மாவட்டத்தில் மழைக்காட்டுக்குள் இருக்கும் பாஹியன்கல குகையில், 48,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து தொடங்கும் மண்ணடுக்குகளில் எலும்பு அம்புமுனைகளோடு கடற்சிப்பி மணிகளும் செங்காவிக் கல்லில் செய்த மணிகளும் எடுக்கப்பட்டன. சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், குருவிட்டப் பக்கம் இருக்கும் பட்டதொம்பலென குகையிலும் சிப்பி மணிகள் உண்டு. காட்டுக்குள் குரங்கும் அணிலும் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் கடற்கரையிலிருந்து சிப்பியை வரவழைத்திருக்கிறார்கள். சிப்பி சோறு போடாது, குளிரைத் தடுக்காது. ஆனாலும் அதைக் கைமாற்றிக் கைமாற்றி மலையடிவாரம் வரை கொண்டுவந்து, பொறுமையாகத் துளையிட்டுக் கோத்திருக்கிறார்கள் என்றால், அதற்கு ஒரு வேலை இருந்தது என்றுதான் பொருள்.

என்ன வேலை? பேசாமலே பேசும் வேலை. எதிரில் வருபவன் நம்மவனா அயலவனா, மணமானவளா ஆகாதவளா, எந்தக் கூட்டம், எந்த நிலை என்பதைக் குரல் எட்டும் முன்பே கண்ணுக்குச் சொல்லிவிடுவது மணியும் வளையும்தான். பத்துப் பேர் மட்டுமே சேர்ந்து வாழும் இடத்தில் இது தேவைப்படாது, எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். முன்பின் தெரியாதவர்களைச் சந்திக்க வேண்டிய வாழ்க்கை வந்தபோதுதான் உடம்பின் மேல் அடையாளம் தேவைப்பட்டது.

நம் இலக்கியத்தில் இதற்குப் புறநானூற்றின் 77ஆம் பாடலை விடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் எவ்வளவு இளையவன் என்று சொல்ல வருகிறார் இடைக்குன்றூர் கிழார். வயதை எண்ணிச் சொல்லாமல் நகையை வைத்துச் சொல்கிறார். குழந்தைகள் அணியும் கிண்கிணியைக் கழற்றிய காலில் இப்போதுதான் வீரக் கழலைப் பூட்டியிருக்கிறான்; குழந்தைக்குக் காவலாகக் கட்டிய தாலியை இன்னும் கழற்றவில்லை; பால் மறந்து சோறு உண்டதே இன்றுதான். காலில் ஒன்று கழன்று ஒன்று ஏறுகிறது; கழுத்தில் ஒன்று கழலாமல் நிற்கிறது. இந்த இரண்டு செய்தியில் அவன் பருவம் முழுவதும் வந்துவிடுகிறது. அந்தத் தாலி திருமணத் தாலி அல்ல. பிள்ளையைக் கண்ணேறும் நோயும் அண்டாமல் இருக்கக் கட்டும் காப்பு. நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கயிறும் கையில் கறுப்பு வளையலும் வசம்பு கோத்த கயிறும் கட்டுகிறோமே, அது இந்தச் சங்கத் தாலியின் நேரடி வாரிசு. காது குத்தும்போது தாய்மாமன் மடியில் வைத்துக் குத்துவதும் அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. தாய்வழி உறவின் பொறுப்பை ஊரறிய எழுதி வைப்பது.

இனித் தங்கம். எத்தனையோ உலோகம் இருக்க இதற்கு மட்டும் ஏன் இத்தனை மதிப்பு என்று மாணவர்கள் கேட்பார்கள். துருப்பிடிக்காது, கறுக்காது. ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தாலும் கழுவினால் அதே மஞ்சள். ஒரு கிராமை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நூலாக இழுக்கலாம். உருக்கினால் குறையாது, ஒரு சங்கிலியை நான்கு மோதிரமாக்கி, திரும்பவும் சங்கிலியாக்கலாம். பல்கேரியாவின் வர்ணா என்ற இடத்தில் ஏறத்தாழ 6,500 ஆண்டுகளுக்கு முந்திய இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள். பல கல்லறைகளில் ஒன்றுமே இல்லை. ஒரு சில கல்லறைகளில் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் தங்கம். தங்கத்தோடு கூடவே உயர்வு தாழ்வும் மனிதனிடம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேவையில்லை.

அதன் பிறகு வரலாற்றில் நான் மிகவும் கவனித்துப் படித்தது, யார் நகை அணியலாம், யார் அணியக் கூடாது என்ற சண்டையை. ரோமில், கார்த்தேஜின் தளபதி ஹனிபாலோடு நடந்த போரின் நெருக்கடியில், கி.மு. 215இல் ஒரு சட்டம் போட்டார்கள்: எந்தப் பெண்ணும் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்திருக்கக் கூடாது. போர் முடிந்த பின்னும் சட்டம் நின்றது. கி.மு. 195இல் ரோமாபுரிப் பெண்கள் வீதிக்கு வந்து, பொதுமன்றத்துக்குப் போகும் வழியெல்லாம் நின்று, அதை நீக்கச் சொன்னார்கள். கேட்டோ என்ற பெரிய மனிதர் கடுமையாக எதிர்த்தும் சட்டம் நீங்கியது. அந்தப் பெண்கள் கேட்டது மினுக்கை என்று எழுதுபவர்கள் உண்டு. வாக்குரிமையும் பதவியும் இல்லாத பெண்ணுக்குத் தன் பெயரில் நிற்கக்கூடிய மதிப்புகளில் அந்தத் தங்கம் முக்கியமானது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை இராமநாதபுரம். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். அதில் முதல் தடை, பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக் கூடாது என்பது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று பட்டியல் நீள்கிறது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931ஆம் ஆண்டு இந்தியக் குடிக்கணக்கை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். கேரளத்தில் இதன் மறுபக்கம் நடந்தது. அங்கே புலையர் பெண்கள் பொன் அணியத் தடை. கழுத்தில் கல் மணிகளைத்தான் அணிய வேண்டும் என்ற கட்டாயம். 1915இல் அய்யன்காளியின் தலைமையில் கொல்லத்தில் கூடிய பெண்கள் அந்தக் கல் மாலைகளை அறுத்து எறிந்தார்கள். போடாதே என்பதும் இதைத்தான் போடு என்பதும் ஒரே அடிமைத்தனத்தின் இரண்டு கைகள்.

தங்கையே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் மலைகளுக்கு வந்தவர்கள் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அங்கே நிலமற்றவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள். ஊரில் மூக்கில் ஒரு பொட்டுப் பொன் போட்டால் வீட்டுக்குத் தீ வரும். இங்கே தோட்டத்தில் சாதி ஒழிந்துவிடவில்லை. லயம் ஒதுக்குவதிலும் கோயில் முறையிலும் அது கூடவே வந்தது. ஆனால் சம்பளம் பணமாக வந்தது. நகை வாங்கினால் யாரும் பிடுங்கி எறியவில்லை. அந்த மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்ற பெண்ணின் மனதை நான் மதிப்போடு நினைத்துப் பார்க்கிறேன். "எதற்கு இவ்வளவு ஆசை" என்ற கேள்வியை அவளிடம் கேட்க எனக்கு நாக்கு எழாது.

அந்தக் காலத்துப் பெண்களின் பழைய அஞ்சலட்டைப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: காது நிறையத் தோடு, மூக்கின் இரு பக்கமும் நகை, கை நிறைய வெள்ளிக் காப்பு. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த வெள்ளைக்காரப் படப்பிடிப்பு நிலையங்கள் வெளிநாட்டுக்கு விற்க எடுத்தவை அவை. நிறுத்தி வைத்து எடுத்த படங்கள். அவற்றை வைத்துத் தோட்டத்துப் பெண் தினமும் அப்படித்தான் இருந்தாள் என்று முடிவு கட்ட வேண்டாம். கொழுந்து எடுக்கும் கைக்கு மோதிரமும் தளர்ந்த வளையலும் இடைஞ்சல். செடியின் கவையில் மாட்டும். வேலைக்குப் போகும்போது காதிலும் மூக்கிலும் இருப்பது போதும்.

காதில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தண்டட்டி, பாம்படம் என்ற இரண்டு பெயரும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நகை அது. சிறு வயதிலேயே காதைக் குத்தி, துளையில் ஓலைச் சுருள் வைத்து, அது விரிய விரியச் சுருளைப் பெரிதாக்கி, பிறகு குணுக்கு என்னும் ஈயக் கட்டியைத் தொங்கவிட்டுக் காது வளர்ப்பார்கள். சோணை தோளைத் தொடும் அளவுக்கு இறங்கும். அதில் தொங்குவது உருண்டையும் சதுரமும் தட்டுமாக அடுக்கிச் சேர்த்த ஒரு கட்டடம் போன்ற நகை. பார்க்கப் பாறை மாதிரிக் கனமாகத் தெரியும். உள்ளே தங்கம் இல்லை. மெல்லிய பொன் தகட்டை அச்சில் அடித்து வளைத்து, ஓரங்களைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, நடுவிலுள்ள வெற்றிடத்தை அரக்கால் நிரப்பியிருப்பார்கள். அரக்கு இல்லாவிட்டால் தகடு நசுங்கிவிடும். பட்டறையில் ஒரு பழைய தண்டட்டியைப் பிரித்தபோது அந்த அரக்கு உமித்தீயின் சூட்டில் இளகி, கறுத்த தேன் மாதிரி வழிந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் தட்டில் மிஞ்சிய பொன் தகடு வெற்றிலையை விடத் தடிப்பாக இல்லை. குறைந்த பொன்னில் நிறைந்த தோற்றம்! அதைச் செய்த ஆசாரியின் கணக்கும், அதைக் கேட்டு வாங்கிய பெண்ணின் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த வேலை அது.

அடுத்தது மாற்று, அதாவது பொன்னின் தரம், பார்ப்பது. உரைகல் கறுப்பாக, மழமழவென்று இருக்கும். நகையை அதில் ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே தரம் தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டு நிறத்தையும் ஒப்பிட வேண்டும். ஐயம் இருந்தால் நைட்ரிக் அமிலம் ஒரு துளி. செம்பு கூடிய கோடு கரைந்து மங்கும், நல்ல பொன் அசையாமல் நிற்கும். 24 கரட் என்பது கலப்பில்லாத பொன். அது மிக மென்மையானது. தினமும் போட்டால் தேயும், வளையும். அதனால் செம்பும் வெள்ளியும் சேர்த்து 22 கரட்டாக்குகிறோம். ஆயிரத்தில் 916 பங்கு பொன். பவுன் என்று நாம் எடை சொல்வது பிரித்தானியத் தங்க நாணயத்தின் எடை, எட்டுக் கிராமுக்கு மயிரிழை குறைவு. அந்த நாணயமும் 22 கரட்தான். அதற்கு முன் எடைக்கல்லாக இருந்தவை குன்றிமணியும் மஞ்சாடியும். பட்டறைத் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எறியமாட்டோம். அதை வாங்கிப் போய் அரித்துப் பொன் எடுப்பவர்கள் இருந்தார்கள்.

சேமிப்புக் கதைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர் இருப்பது இதில்தான். 1820களில் தொடங்கிக் கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட பிறகு தேயிலைக்காகவும் வந்தவர்கள் நம் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்தார்கள். எந்த மன்னார்? முத்துக் குளிப்புக்கு உலகெங்கும் பேர்போன அதே மன்னார். நடந்து வந்து சேர்ந்த இடத்தில் அவர்களுக்கென்று என்ன இருந்தது? இருந்த காம்பரா என்னும் லய அறை தோட்டத்துக்குச் சொந்தம். காய்கறி போட்ட துண்டு மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். வந்த நாள் முதல், ஆள் சேர்த்து வந்து வேலை வாங்கிய கங்காணியிடம் கடன். துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கடன் தொகையை எழுதிய துண்டோடுதான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியும். அதை 1921இல்தான் ஒழித்தார்கள். வங்கிக் கணக்கு எட்டாத தூரம். எழுத்தறிவு மிகச் சிலருக்கு. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடும் சொந்தமில்லை என்றாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு குடும்பம் மிச்சம் பிடித்த பத்து ரூபாயை எதில் போடும்? காணி வாங்க முடியாது. மாடு வைத்தால் தோட்டம் மாறும்போது என்ன செய்வது? காசாக வைத்தால் கங்காணி, கடைக்காரர், சாராயம் என்று வழி பல. பொன்னாக மாற்றிக் காதில் போட்டால் அது கூடவே நடக்கும். உறங்கும்போதும் உடம்போடு இருக்கும். அதற்குப் பத்திரம் வேண்டாம், பிரசை அந்தஸ்து வேண்டாம், எந்தத் துரையின் கையெழுத்தும் வேண்டாம். ஊர் மக்களுக்கு வயலும் தோப்பும் எதுவோ, நம் பெண்களுக்கு அது கழுத்திலும் காதிலும் இருந்தது.

அந்தக் காணி விளைச்சலும் தந்தது. 1973, 74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. தோடு விற்று மாவு வாங்கியதாக, காப்பை விற்று மரவள்ளிக் கிழங்கு வாங்கியதாகச் சொன்ன பெரியவர்கள் எத்தனையோ பேர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி நம் மக்களில் 525,000 பேர் இந்தியா போக வேண்டும், 300,000 பேர் இங்கே நிற்கலாம் என்று இரு பிரதமர்கள் மனிதர்களைப் பங்கு போட்டபோது, ஒரு வீட்டில் அக்கா கப்பல் ஏறவும் தங்கை இங்கே நிற்கவும் நேர்ந்தது. அம்மாவின் நகை அப்போது பிரிந்தது. 1977லும் 1983லும் நடந்த இனக்கலவரங்களில் லயங்கள் எரிந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடியவர்கள் கையில் எடுக்க முடிந்ததும் இதுதான்.

விற்பது கடைசி வழி. அதற்கு முன் இருப்பது அடகு. பள்ளிக்கூடம் தொடங்கும் ஜனவரி, தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு மரணச் செலவு என்று ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பதுளையிலும் அடகுக் கடைப் படியில் பெண்கள் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரே சங்கிலி இருபது தடவை உள்ளே போய் இருபது தடவை வெளியே வரும். தாலிப் பொன்னையே வைக்க வேண்டி வந்தால், மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை மஞ்சள் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். ஊருக்குத் தெரிய வேண்டிய அடையாளத்தைக் கிழங்கு தாங்கிக்கொள்ளும். பொன் போய்ப் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பணம் கொண்டுவரும். நகையின் இரண்டு வேலைகளும், சொல்வதும் சேமிப்பதும், எவ்வளவு சுலபமாகப் பிரிந்து நிற்கின்றன என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

பச்சை குத்திக்கொள்வதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய தலைமுறைப் பெண்களின் முன்கையில் கோலமும் தேரும் பெயரும் பச்சையாக இருக்கும். திருடன் எடுக்க முடியாத, அடகு வைக்கவும் முடியாத நகை அது ஒன்றுதான்.

மலைநாட்டில் இருந்துகொண்டு கண்டியை விட்டுவிட்டு நகையைப் பற்றி எழுத முடியாது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்தவர்கள். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணசாமி. அரண்மனைப் பட்டறைகளில் வேலை செய்த பொற்கொல்லர்கள் கூலிக்குப் பதிலாக நிலம் பெற்று, பரம்பரை பரம்பரையாக அரசனுக்கு வேலை செய்தார்கள். கனிம ஆய்வுக்காக இந்த நாட்டுக்கு வந்து ஊர் ஊராக நடந்த ஆனந்த குமாரசுவாமி, அந்தப் பரம்பரை அறுந்துகொண்டிருந்த நேரத்தில் அவர்களோடு அமர்ந்து கேட்டு எழுதி 1908இல் நூலாக வெளியிட்டார். ஒரு தமிழர் சிங்களக் கைவினைக்குச் செய்த பெரிய தொண்டு அது; இன்று கண்டிய நகையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். கண்டிய மணப்பெண்ணின் நெற்றியணியைக் கவனித்துப் பாருங்கள். வகிட்டின் ஒரு பக்கம் சூரியன், மறு பக்கம் சந்திரன். நம் மணப்பெண்ணின் தலையில் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் வைக்கும் அதே இடம், அதே முறை. ஒரே மலையின் இரு சரிவுகளில் வாழும் இரண்டு மக்களின் மணப்பெண்களுக்கு ஒரே சூரியனும் ஒரே சந்திரனும் வகிட்டில் இருப்பதைத் தெரிந்துகொள்ளாமலே எத்தனை கசப்பை வளர்த்துவிட்டோம்!

கண்ணகியும் இங்கே இருக்கிறாள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததால்தான் கோவலன் கள்வன் அல்லன் என்று தெரிந்தது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. நகை ஒரு சாட்சியாக நீதிமன்றம் ஏறிய கதை அது. அந்தக் கண்ணகிதான் சிங்கள மக்களிடம் பத்தினித் தெய்வம். கண்டி எசல பெரஹராவில் பத்தினி தேவாலயத்தின் ஊர்வலம் வருகிறது. அவளுக்குரிய சின்னம் இன்றும் சிலம்பே. நம் மாரியம்மன் கோயில்களில் கண்நோய் தீர்ந்தால் வெள்ளியில் கண்மலர் செய்து போடுவதும், பிள்ளை பிழைத்தால் அம்மனுக்குப் பொட்டுத்தாலி சாத்துவதும் நேர்த்திக்கடன். அடகுக்குப் போகாத பொன் என்றால் அது அம்மனுக்குக் கொடுத்ததுதான்.

இவ்வளவு புகழ்ந்த நான் ஒன்றைக் கண்டிக்காமல் விட முடியாது. கணவன் இறந்ததும் பெண்ணின் பொட்டையும் பூவையும் தோட்டையும் பத்துப் பேர் நடுவில் கழற்றும் வழக்கம் நம் தோட்டங்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. இராமநாதபுரத்துத் தடைப் பட்டியலுக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அவள் கொழுந்தெடுத்துச் சம்பாதித்த பொன்னை அவள் காதிலிருந்து எடுக்க எவருக்கும் உரிமை இல்லை. அதேபோல, சம்பளத்தைக் கணவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் நகையை விற்கும்போதும் ஒரு வார்த்தை கேட்கப்படாமல் நின்ற பெண்கள் அநேகர். சட்டம் அவள் பக்கம் இருந்தது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டம் மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. நமக்கு நாட்டின் பொதுச் சட்டம். அதில் 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துச் சட்டம், மனைவியின் சொத்து அவளுடையதே, அவள் அதைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், விற்கலாம் என்கிறது. நூறு ஆண்டு கடந்துவிட்டது.

அண்மைய நிலைமைக்கு வருவோம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று முடிவானது. அந்த ஆண்டின் இறுதியில் 24 கரட் பவுன் இரண்டு இலட்சம் ரூபாயைத் தாண்டி நின்றது. சோறு தண்ணீர் இல்லாமல் அடிப்படைச் சம்பளம் முழுவதையும் சேர்த்தாலும் அப்போது ஒரு பவுனுக்கு ஏறத்தாழ 150 நாள் வேலை செய்ய வேண்டியிருந்தது. அம்மாயி போட்டதை இன்று பேத்தி வாங்க முடியாது. கவரிங் நகை வந்தது அதனால்தான். கவரிங் போடுவதில் எந்தக் குறைவும் இல்லை. அழகுக்கும் அடையாளத்துக்கும் அது போதும். சேமிப்புக்கு மட்டும் அது உதவாது. அதை அடகுக் கடைக்காரர் தொட்டும் பார்க்கமாட்டார்.

2022இல் ரூபாய் சரிந்தபோது, இருநூறு ரூபாய் அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. வங்கியில் காசாக வைத்திருந்தவர்களின் சேமிப்புக் கண் முன்னே கரைந்தது. பொன்னாக வைத்திருந்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. ஆகவே உங்களைப் போன்றவர்கள் வேலைக்குப் போய்ச் சேமிக்கத் தொடங்கும்போது சிறிதளவு பொன்னிலும் வைப்பது நல்லதே. ஆனால் சேமிப்புக்கு வாங்குவதென்றால் கல் பதித்த நகையும் வேலைப்பாடு மிகுந்த நகையும் வேண்டாம். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. கல்லின் எடையைக் கழித்துத்தான் காசு தருவார்கள். பழைய தண்டட்டி போன்ற அரக்கு நிரப்பிய நகையை உருக்கக் கொடுக்க நேர்ந்தால், அரக்கை எடுத்த பிறகு உங்கள் முன்னாலேயே நிறுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் உருக்கவே வேண்டாம், அந்த வேலை தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு.

அடகு வைப்பதென்றால் முதலில் அரச வங்கியின் வட்டியைக் கேட்டுவிட்டு, பிறகு தனியாரிடம் போங்கள். தருவது நகையின் மதிப்பில் ஒரு பங்குதான்; பொன்னின் விலை ஏறினால் மிச்சமிருக்கும் பங்கும் ஏறும். அதனால் தவணை தவறி நகை மூழ்குவதை விட, ஒரு சிறு நகையை விற்றாவது பெரியதை மீட்பதே கணக்குக்குச் சரி. அடகுச் சீட்டின் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கடையில் வாங்கும்போது கரட், கல் நீக்கிய எடை, செய்கூலி ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தராத கடையில் வாங்க வேண்டாம். உங்கள் குடும்பத்தில் அடுத்த கல்யாணம் நடக்கும்போது, பெண்ணுக்குப் போட்ட ஒவ்வொரு நகையையும் எடையோடு பட்டியலிட்டு, அவள் பெயரில் எழுதி, இரு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி அம்மா வீட்டில் இருக்கட்டும், மற்றது அவள் கையில்.